வாசல் மேசைக்கு ஒரு பொல்யேரா

எல் ஆல்ட்டோ
பிப்ரவரி 6, 2012

அக்கா,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று உறுதியான பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். சாந்தா க்ரூஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அங்கே பார்சல் அறையில் என் பெயர் சொல்லிக் கொடுத்தால் எனக்கு வந்து சேரும்.

நீ இங்கே விட்டுப்போன துணிப் பெட்டியைத் திறக்க அனுமதி வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், கட்டிக்கொள்ள மடிப்புப் பாவாடை என்று என்னிடம் ஒரு பொல்யேராகூட இல்லை. காப்பீட்டுக் கம்பெனி சீருடை ஒன்று தைத்துத் தரும், அதற்கு நாளாகுமாம். அதுவரைக்கும் "சொந்தமா வச்சிருக்கிறத கட்டிட்டு வாங்க" என்றார் ஹிமேனா மேடம். நம்மைப் போன்ற அய்மாரா மலைப் பெண்களை வேலைக்குச் சேர்க்கும் பணியாளர் பிரிவுத் திட்டம் அவருடையது. சொந்தமாக என்னிடம் இருப்பது நாலு பேன்ட் என்று நான் சொல்லவில்லை.

நடந்ததை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டவள் நீ. "பொல்யேரா அணியும் பெண்களுக்கு முன்னுரிமை" என்ற விளம்பரத்தைக் காட்டி உன்னைக் கிளப்பியவளும் துணைக்கு வந்தவளும் நான். அவர்கள் உன்னை உள்ளே வைத்துப் பேசி அனுப்பினார்கள். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சியா? கணக்குத் தணிக்கை படிச்சிருக்கீங்களா? நீங்க பொல்யேரா கட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். கட்டுவேன் என்றேன். அப்பாவுக்கு மருத்துவ அட்டை கிடைக்கும் என்பது மட்டுமே அப்போது என் மண்டையில் இருந்தது. சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் எப்படிக் கட்டியிருக்கிறது என்று உனக்கே தெரியும். இப்போது படுத்துத் தூங்குவதில்லை, சுவரில் சாய்ந்தே தூங்குகிறார்.

மன்னிப்பு கேட்கவில்லை. எதற்கு என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. பெட்டியைத் திறக்கலாமா என்று மட்டும் எழுது.

மார்லெனி

*

சாந்தா க்ரூஸ்
பிப்ரவரி 14

மார்லெனி,

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் சரி என்பேன். பிறந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. காகிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

இதற்குள் நீ பெட்டியைத் திறந்திருப்பாய். பச்சையைக் கட்டு. ஒயின் நிறத்தைத் தொடாதே, அது அம்மாவுடையது. உள்பாவாடை மூன்றுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் மடிப்பு செத்துத் தொங்கும். பொல்யேராவோடு வைக்கும் தொப்பிக்கு ஊசி குத்தாதே. ஊசி குத்துகிறவளைத் தெருமுனையிலிருந்தே தெரியும். தலையைத் தூக்கி நட, அதுவே நிற்கும். நீ புத்தகம் பார்த்து நடந்து பழகியவள், உன் தலை எப்போதும் கீழேதான் இருக்கும். தொப்பி விழும். விழட்டும், பழகுவாய்.

அம்மா நம்மைப் பிரித்து வைத்தது ஞாபகம் இருக்கிறதா? "இவ சந்தைக்கு, இவ ஆபீசுக்கு." எனக்குப் பொல்யேரா, உனக்குப் பேன்ட். எனக்கு அய்மாரா, உனக்கு அவளுக்கே சரியாக வராத ஸ்பானிஷ். ஒரே வயிற்றில் இரண்டு வியாபாரம் பார்த்தவள் அவள். பள்ளிக்கூட வாசலில் உன்னை விட்டுவிட்டு நான் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் போவேன். எனக்கு அதில் பொறாமை இருந்ததில்லை. உனக்கு ஆபீஸ், எனக்கு இது என்று இருந்தேன். இப்போது இதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

அப்பாவுக்கு ஆவி பிடிக்கும்போது யூகலிப்டஸ் இலை பச்சையாக இருக்கட்டும். காய்ந்தது வேண்டாம்.

பசீலியா

*

எல் ஆல்ட்டோ
ஏப்ரல் 22

அக்கா,

ஒயின் நிறத்தை நான் தொடவில்லை. தொப்பி இரண்டு தடவை விழுந்தது, ஒரு தடவை லிஃப்டில். ஒரு மேலாளர் குனிந்து எடுத்துக் கொடுத்து, "நம்ம சோலிதாவுக்கு இன்னும் பழகலையா?" என்று சிரித்தார். எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. எனக்கு மட்டும் "நம்ம சோலிதா", பொல்யேராக்காரக் குட்டி. அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வாய் வருவதில்லை.

என் இடம் வாசல் மேசை. பின்னால் சுவர் முழுக்க என் படம், மேலே "எல்லோருக்கும் இடம் உண்டு" என்ற வாசகம். வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என்னை, பிறகு மறுபடி படத்தை. வணக்கம் சொல்லி, எந்த மாடி என்று சொல்லி அனுப்புவதுதான் வேலை. அய்மாராவில் "கமிசராகி" என்று நலம் விசாரிக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். யாராவது பதிலுக்கு ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் திணறிப் போகிறேன்.

போன வாரம் எல்லோருக்கும் ஒரு பயிற்சி நடந்தது. வட்டமாக நின்று ஒரு கம்பளிநூல் உருண்டையை ஒருவர் மேல் ஒருவர் எறிய வேண்டும். நூலை விடாமல் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் பிடித்த குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் என்மேல் எறிந்தார்கள். ஐந்து பேருமே "வேர்" என்றார்கள். முடியும்போது நான் நூலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கத்தரி கொண்டுவர யாரோ ஓடினார்கள்.

இப்போதெல்லாம் வீட்டிலிருந்து பேன்ட்டில்தான் கிளம்புகிறேன். மினிபஸ்ஸில் பக்கத்துவீட்டுக்காரிகள் பார்க்கும் பார்வை தாங்கவில்லை. ஆபீசில், மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் அறையில் மாற்றிக்கொள்கிறேன். அங்கேதான் துப்புரவு செய்யும் சிமோனாவும் மாற்றுகிறாள். அவள் வீட்டிலிருந்து பொல்யேராவில் வந்து நீல மேலங்கிக்குள் நுழைகிறாள், நான் பேன்ட்டில் வந்து பொல்யேராவுக்குள் நுழைகிறேன். முதல்நாள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். இரண்டாம் நாள் அவள் சிரித்துவிட்டாள். "என்ன தாயி இது, எனக்குக் கழட்டினாத்தான் சம்பளம், உனக்குக் கட்டினாத்தான் சம்பளம். பேசாம ரெண்டு பேரும் உடம்ப மாத்திக்கலாமா?"

இன்னொரு விஷயம். இழப்பீட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியானது. நான் படித்த படிப்புக்கு அச்சாக அமைந்த வேலை. விண்ணப்பித்தேன். ஹிமேனா மேடம் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆப்பி வரவழைத்துக் கொடுத்தார். சூடான மக்காச்சோளக் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கோபப்பட முடியாது என்று அவருக்குத் தெரியும் போல.

"மார்லெனி, நீங்க எங்க கம்பெனியோட முகம். முகத்த எடுத்து மூணாவது மாடியில வைக்க முடியுமா, சொல்லுங்க."

"மேடம், நான் தணிக்கை படிச்சவ."

"அதான் எங்களுக்குப் பெருமை. படிச்ச பொண்ணு, பொல்யேராவுல, வாசல்லயே! வேற எந்தக் கம்பெனியில இருக்கு?"

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் கஷ்டம். வேலையை விடலாம். ஆனால் அட்டையும் கூடவே போய்விடும். அப்பாவுக்கு இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம்.

மார்லெனி

*

சாந்தா க்ரூஸ்
மே 11

மார்லெனி,

உன் கடிதத்தைப் படித்து, இங்கே நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடையில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் என்ன என்று கேட்டார். என் தங்கச்சி ஒரு கம்பெனிக்கு மூஞ்சி என்றேன்.

உள்ளே என்னை வைத்து என்ன பேசினார்கள் என்று நீ இதுவரை கேட்கவே இல்லை. உன் மேடம் "ஒரு தடவ திரும்பி நில்லுங்க" என்றாள். திரும்பினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இரவுப் பள்ளியில் முடித்தவள்தான், ஆனாலும் தடுமாறாமல் வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் அவள் காதில் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது போல இருந்தது: "துணி சரி, ஆனா பேச்சு ரொம்ப மலைப் பட்டிக்காடா இருக்கே." அப்புறம்தான் பெஞ்சில் இருந்த உன்னைப் பார்த்தார்கள். என் துணியும் உன் வாயும் சேர்ந்தால் அவர்களுக்குத் தேவையானவள் கிடைத்துவிடுவாள்.

நான் உன்மேல் கோபப்பட்டது நீ சரி சொன்னதற்காக இல்லை. வெளியே வந்து "உள்ள என்னக்கா ஆச்சு" என்று ஒரு வார்த்தை கேட்காமல், "எங்க வாடகைக்குப் பொல்யேரா கிடைக்கும்"னு கேட்டாயே, அதற்காக.

அப்பாவுக்கு சிலிண்டரா? எப்போதிலிருந்து?

பசீலியா

*

எல் ஆல்ட்டோ
ஜூன் 17

அக்கா,

சிலிண்டர் மார்ச்சிலிருந்து. அப்போதே சொன்னால் நீ பஸ் ஏறிவிடுவாய் என்று பயந்து சொல்லவில்லை. ஏறாமல் இருந்துவிடுவாயோ என்ற பயமும் இருந்தது.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். பெஞ்சிலிருந்து எழுந்த அந்த நிமிடம் உன் முகத்தைப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பார்க்கவில்லை.

இப்போது எழுத வந்தது வேறு. யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார். தோமாசா என்று பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். கறுப்பு மான்டாவைப் போர்த்தியிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் நின்றார், நான் போய்த் திறந்தேன். "கமிசராகி" என்றேன். அவ்வளவுதான். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று அய்மாராவில் சொல்ல ஆரம்பித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரிந்தது. புருஷன், மினிபஸ், வியாச்சா ரோடு. பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்து என் பொல்யேராவையே பார்த்தபடி ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு "ஹிவகிவா" என்று கேட்டது. அழகாயிருக்கிறது.

சிரித்தேன் அக்கா. மடிப்பைக் கொஞ்சம் விரித்துக் காட்டி "யுஸ்பகாரா", நன்றி, என்றேன்.

அவர் மறுபடி அதையே சொன்னார். நான் மறுபடி நன்றி சொன்னேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஸ்பானிஷில், பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். "செத்துட்டாருன்னு சொல்றேன். எம் புருஷன் செத்துட்டாருன்னு சொல்றேன், நீ பல்லக் காட்டிட்டுப் பாவாடைய விரிக்கிற. யாருடி நீ? உங்க அம்மா யாரு?" மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "டிரான்ஸ்ஃபார்மர்" என்றார். பிள்ளைகள் வைத்து விளையாடும், கார் மனுஷனாக மாறும் பொம்மையின் பெயர். ஊர்வலத்துக்கும் ஓட்டுக் கேட்கவும் மட்டும் பொல்யேரா கட்டுகிறவர்களைச் சந்தையில் இப்படிச் சொல்வார்கள், உனக்குத் தெரியும். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா மனு கொடுக்காமலே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஹிமேனா மேடம், "வாடிக்கையாளரோட சின்ன மனஸ்தாபமாமே, விடுங்க, உங்களுக்கு மன உளைச்சல் விடுப்பு வேணுமா?" என்று கேட்டார். அந்த அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

அந்த வார்த்தை சரியாக எப்படி இருக்கும் என்று எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

மார்லெனி

*

சாந்தா க்ரூஸ்
ஜூலை 1

மார்லெனி,

"ஹிவ்கிவா." செத்துட்டார். நடுவில் ஒரு உயிர் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா உன்னிடம் ஒரு நாள் அய்மாராவில் பேசியிருந்தால் உனக்குக் காது வந்திருக்கும். உன்மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போய் அந்த அம்மாவைப் பார். ஞாயிற்றுக்கிழமை போ. கையில் ரொட்டியும் கோக்கா இலையும் எடுத்துப் போ. இலையை முதலில் நீட்டு, அவர் வாங்கிய பிறகு வாயைத் திற. அய்மாரா பேச முயலாதே. பொல்யேரா கட்டிப் போகாதே.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். நீ சிரித்தால் எனக்குக் கேட்காது, அதனால் சொல்கிறேன்.

நான் பொல்யேரா கட்டுவதில்லை. மார்ச்சிலிருந்து. இங்கே வெயில் என்று நீ நினைப்பாய், வெயில் இல்லை. இந்த ஊரில் பொல்யேரா கட்டியவள் எங்கே போனாலும், "கோயா வந்துட்டா, மலைக்காரி வந்துட்டா, மூக்கப் பொத்து" என்பார்கள். பாத்திரக் கடையில் ஆறு நாள் நின்றேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். "பசீலியா, ஆளுங்க உள்ள வரத் தயங்குறாங்க, ஒரு பேன்ட் போட்டுக்கிட்டா என்ன?" என்றார். போட்டுக்கொண்டேன். பிறகு, பேன்ட்டுக்கு மேலே பின்னல் எதற்கு என்றார். ஆம், அதையும். ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தாள் முடிவெட்டுகிறவள், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வியாபாரம் நன்றாக நடக்கிறது. யாரும் தயங்குவதில்லை.

உன்னைக் கட்டச் சொல்கிறார்கள், என்னைக் கழற்றச் சொல்கிறார்கள். அம்மா இருந்தால் மாரில் அடித்துக்கொள்வாளா, வயிற்றைப் பிடித்துச் சிரிப்பாளா தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லாதே.

பசீலியா

*

எல் ஆல்ட்டோ
ஆகஸ்ட் 12

அக்கா,

சொல்லவில்லை.

உன் கடிதத்துக்கு உடனே எழுத வரவில்லை. பின்னலைப் பற்றிய அந்த வரியில் வந்து வந்து நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க நான் தூங்கியது அதைப் பிடித்துக்கொண்டுதான்.

வியாச்சா ரோட்டு மினிபஸ்காரர்களிடம் விசாரித்துத் தோமாசா அம்மா வீட்டுக்குப் போனேன். பேன்ட்டில். என்னை அடையாளம் தெரியவில்லை. இலையை வாங்கிக்கொண்டார். நான் யார் என்று சொல்லத் துணிவில்லை. காப்பீட்டு மனு எழுதித் தருகிறவள் என்று மட்டும் சொன்னேன். காகிதங்களை எடுத்து வைத்தார், பக்கத்துவீட்டுப் பையன் மொழிபெயர்த்தான். முடிந்ததும் கையைப் பிடித்துச் சொன்னார்: "நீயே கொண்டுபோய்க் குடுத்துரு மகளே. அந்த வாசல்ல ஒரு பொம்மைய வச்சிருக்காங்க. எனக்கு அதப் பார்க்க வேணாம்." நான் தலையாட்டினேன். மனு இழப்பீட்டுப் பிரிவுக்குப் போய்விட்டது. பணம் வரும்.

நான் செய்ய விரும்புகிற வேலை இதுதான் அக்கா. சமையலறையில் உட்கார்ந்து இப்படி ஒருத்தருக்குக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பது.

இரண்டாவது விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இழப்பீட்டுப் பிரிவில் மறுபடி இடம் வருகிறது. இந்த முறை ஹிமேனா மேடமே கூப்பிட்டார். "உங்க ஆசை எனக்குப் புரியுது. மூணாவது மாடிக்கு அனுப்புறேன். ஆனா வாசல் காலியா இருக்கக் கூடாது. உங்க சொந்தத்துல, தெரிஞ்சவங்கள்ல, நல்ல பொல்யேராக்காரப் பொண்ணு யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க." பிறகு, "அன்னைக்கு வந்தாங்களே உங்க அக்கா, அவங்ககூட ஓகே. வாசகம் நாங்க சொல்லிக் குடுத்துடறோம்" என்றார்.

அட்டை என் பெயரில் தொடரும். நீ வீட்டில் இருப்பாய். அப்பா இரவில் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

இதைக் கேட்கிறவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிகிறது. கேட்டுவிட்டேன்.

மார்லெனி

*

சாந்தா க்ரூஸ்
ஆகஸ்ட் 25

மார்லெனி,

முதல் தடவை படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். கடையில் அடுப்பு இல்லை, மின் அடுப்புகள்தான் விற்பனைக்கு இருக்கின்றன, எதுவும் எரிவதில்லை.

வருகிறேன்.

உனக்காக இல்லை. அப்பா கூப்பிடும்போது வேறொருத்தி பதில் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. பொல்யேராவை இடுப்பில் கட்டிவிடலாம். தலைக்கு என்ன செய்வது? முடி காதுவரைக்கும்தான் வந்திருக்கிறது. சந்தையில் சவுரி விற்பார்களே, அதில் இரண்டு பின்னல் வாங்கி வை. நல்ல கறுப்பாகப் பார். என் முடி பையில் இருக்கிறது, ஆனால் அதை எடுத்து என் தலையிலேயே ஒட்டிக்கொள்ள என்னால் முடியாது.

ஆக, பிறந்ததிலிருந்து கட்டியவள் நான், சவுரி வைத்து, வாடகைச் சிரிப்பு சிரித்து, உன் மேடம் எழுதிக் கொடுத்த வணக்கத்தை என் சொந்த மொழியில் ஒப்பிக்க வேண்டும். தோமாசா அம்மா மறுபடி வந்தால் என்னைப் பார்த்தும் அதே வார்த்தையைச் சொல்வார். அப்போது அது சரியாகவும் இருக்கும்.

செப்டம்பர் முதல் வாரம் பஸ் ஏறுகிறேன். நன்றி கின்றி என்று எழுதினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன்.

பசீலியா

*

எல் ஆல்ட்டோ
ஆகஸ்ட் 31

அக்கா,

நீ கிளம்புமுன் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புகிறேன். பஸ் ஏறாதே.

சந்தைக்குப் போனேன். சவுரிக்காரி கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். "யாருக்கு, உனக்கா?" என்றாள். அக்காவுக்கு என்றேன். "தொட்டுப் பாரு, நெஜ முடி. இப்பல்லாம் நெறைய வருது, சாந்தா க்ரூஸ் பக்கம் போற பொண்ணுங்க வெட்டி வித்துட்டுப் போயிடறாளுங்க" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் ஹிமேனா மேடத்திடம் போய் நின்றேன். ஆப்பி வேண்டாம் என்றேன்.

"என் அக்கா வரத் தயாரா இருக்கா, மேடம். அய்மாரா தாய்மொழி. ஸ்பானிஷ் வாசிப்பா. சந்தையில இருபது வருஷம் ஆளுங்களோட பேசினவ. வாசலுக்கு அவளவிடப் பொருத்தமான ஆள் இல்ல. ஆனா முடி வெட்டியிருக்கா. பேன்ட் போடுவா. அப்படியே எடுத்துக்கிறீங்களா?"

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"அப்போ மத்தவங்களுக்கும் அவங்களுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

எனக்கு நிறையப் பதில்கள் தோன்றின. நான் படித்தவை எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் நானேதான் சிரித்துக்கொண்டிருந்தேன், சிறிய அளவில், சட்டம் போட்டு.

"அப்படின்னா வேற யாரையாவது பாருங்க. உங்க பக்கம் பொண்ணுங்களுக்கா பஞ்சம்? அவசரம் இல்ல, நீங்க ஒருத்தியக் கொண்டுவர்ற அன்னைக்கே மாடிக்குப் போயிடலாம்" என்றார். சரி என்றேன்.

வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தேன். உண்மையாகவே பஞ்சம் இல்லை அக்கா. நம் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி நர்ஸ் படிப்பு முடித்தவள், ஒருத்தி கணக்கு டிப்ளமா. கூப்பிட்டால் நாளைக்கே ஓடி வருவார்கள். வருகிறவளைத் திரும்பி நிற்கச் சொல்வார்கள். என்னைப் போலவே அவளும் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பாள். பிறகு அவள் ஒருத்தியைத் தேட வேண்டும்.

இந்த வருஷக் கடைசிவரை அட்டை செல்லும் என்று மருத்துவமனையில் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான் மேசையில் இருந்தால் செல்லும். நீ அப்பாவைப் பார்க்க வா. பேன்ட்டில் வா, இருக்கிற முடியோடு வா. வேலைக்கு என்று வராதே. அவருக்குக் கண் மங்கிவிட்டது, உன் குரல் போதும் அவருக்கு.

மாதத்துக்கு ஒருமுறை மேடம் வந்து, "யாராவது கிடைச்சாங்களா?" என்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். கேட்கட்டும். தேடிக்கொண்டிருக்கிறேன் மேடம் என்று சொல்வேன். எத்தனை வருஷமானாலும் அதையே சொல்வேன்.

மார்லெனி